பஞ்சில் சிக்கிய முள்

சீட்டில் இருந்த பெயரை அவள் மூன்று முறை படித்தாள். வயது அறுபத்தொன்பது. மேலும் கீழும் முழுப் பல் செட்டு. அடியில் பல் டாக்டரம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு: "இவர் இதே தொழிலில் மேற்பார்வையாளராக இருந்தவர். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். நம் பஞ்சக்காவே செய்யட்டும்."

பஞ்சக்கா என்பது அவள்தான். பல் செட்டு செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்கு அதைத் தவிர வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. செய்து முடித்த ஒவ்வொரு செட்டின் உட்புறத்திலும், ஈறில் உட்காரும் பக்கத்தில், ஒரு துண்டுப் பஞ்சை மெல்ல ஓட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத முள் எங்காவது இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். மற்றவர்கள் ஒரு முறை ஓட்டுவார்கள். அவள் ஏழு முறை ஓட்டுவாள்.

ஏழு முறைக்குக் காரணம் அந்தச் சீட்டில் இருந்த பெயர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் வேறொரு கூடத்தில் இருந்தாள். அவர் அங்கே மேற்பார்வையாளர். இந்தத் தொழிலில் வலது என்றால் நோயாளியின் வலது. வாயைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது இடது பக்கமாக இருக்கும். முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் சங்கதி. ஆனால் அவர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியைப் பார்த்துத் தன் கைப்பக்கமாகவே சீட்டை எழுதிவிட்டார். அதை நம்பி அவள் பக்கத்துப் பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கியை மாற்றுப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரண்டு மூன்று பற்களை மட்டும் தாங்கும் அந்த பிளேட் நோயாளியின் வாயில் ஏறவில்லை.

அவர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டு, அதே பேனாவால் பக்கத்தைத் திருத்திப் புதுச் சீட்டு எழுதி, அதே ஊசியால் குத்தி வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அப்புறம் பதினொரு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இது யார் தப்புன்னு நீயே சொல்லு," என்றார்.

வீட்டில் அப்போது கணவருக்கு வேலை இல்லை. "தப்பு என்னோடது," என்று அவள் சொன்னாள்.

அந்த பிளேட்டை ஒரு நூலில் கட்டி அவள் மேசைக்கு மேலே தொங்க விட்டார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. மின்விசிறிக் காற்றில் அது ஒரு மாதம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து அவள் வேலையை விட்டாள். பிளேட்டும் நூலும் அங்கேயே இருந்தன. அவருடைய குரல் மட்டும் கூடவே வந்துவிட்டது. அரைகுறைத் தூக்கத்தில் வரும், பேருந்தில் வரும், ஒவ்வொரு செட்டையும் முடித்துக் கையில் எடுக்கும்போது தவறாமல் வரும். 'இதுவும் தப்பு. உன் கை தப்புப் பண்ற கை.' அந்தக் குரலை அடக்கத்தான் ஏழு முறை பஞ்சு. ஏழாவது முறைக்குப் பிறகும் அது அடங்கியதில்லை.

இப்போது அவருடைய வாய் மாவு அச்சாக அவள் மேசைக்கு வந்துவிட்டது.

இறுகும் வெள்ளை மாவைக் குழைத்து அச்சு வார்ப்பவரைக் கூடத்தில் மாவுக்காரர் என்பார்கள். அவளைவிட மூன்று வயது சின்னவர். மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. கலவையைக் குழைக்கும்போது யாரோடோ பேசிக்கொண்டே இருப்பார். "வாங்க சம்பந்தி, உக்காருங்க," என்பார் வெறும் காற்றைப் பார்த்து. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"யாருய்யா அது?" என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"அதுவா பஞ்சக்கா, மாவு குழைச்சா உடனே மண்டைக்குள்ள ஒண்ணு வந்து சொல்லும், 'குமிழ் விழுந்திருச்சு, அச்சு போச்சு'ன்னு. முன்னெல்லாம் அதுகூட மல்லுக்கு நிப்பேன். இல்லைன்னு சொல்லிப் பார்ப்பேன், துரத்திப் பார்ப்பேன். போகாது. அப்புறம்தான் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, நிஜச் சம்பந்தி வர ஆரம்பிச்சார். உள்ள நுழையும்போதே 'கூடம் சின்னதா இருக்கே'ம்பார். நாம என்ன பண்றோம்? 'ஆமாங்க, வாங்க, உக்காருங்க'ன்னு நாற்காலி போடறோம். அதுக்காக வீட்டை இடிச்சா கட்டறோம்? அவர் பாட்டுக்குப் பேசுவார், நாம பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். நேரமானா அவரே எழுந்து போவார்."

"போகலைன்னா?"

"போகலைன்னா என்ன, நாற்காலிதானே. இருந்துட்டுப் போகட்டும். பீரோ சாவியை மட்டும் குடுத்துடக் கூடாது."

அவள் சிரித்தாள். ஆனால் உனக்கு வந்தது சம்பந்தி, எனக்கு வந்தவன் கொலைகாரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சீட்டு வந்த அந்த வாரம் அவள் தன் வாழ்நாளிலேயே மிக அழகான செட்டைச் செய்தாள். வயதுக்கு ஏற்றபடி முன்பற்களில் ஒன்றை மயிரிழை சாய்த்து வைத்தாள். மெழுகில் பற்களைப் பதித்து, வாயில் வைத்துப் பார்க்க டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். "அருமை, மாற்றமே வேண்டாம்" என்று திரும்பி வந்தது. இனி மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைக்க வேண்டும். மெழுகு போன பிறகு மாவு அச்சு சற்று நேரம் திறந்து கிடக்கும். அப்போது அதில் எங்காவது ஒரு துளை இருந்தால் பிளாஸ்டிக் அதற்குள் இறங்கும். வெந்து வெளியே வரும்போது அது முள்ளாக நிற்கும்.

அவள் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். கீழ்த்தாடையில், எலும்பு கத்தி முனைபோல மெலிந்து, மேலே தோல் மட்டும் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் எது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அங்கே ஒரே ஒரு குத்து. மாவுத்தூள் கடுகில் பாதி அளவு பறந்தது.

மறுநாள் மாலை செட்டு மெருகேறிப் பளபளத்தது. அவள் பஞ்சை எடுத்து உட்புறத்தில் ஓட்டினாள். கீழ்த்தாடையில் ஓர் இழை சிக்கியது. அவள் அதைத் தேய்க்கவில்லை. இழையை மட்டும் விரலால் எடுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா பார்க்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். "பஞ்சக்கா பார்த்ததை நான் என்ன பார்க்கறது," என்பார் அவர்.

அன்று அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கற்பனையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் கவளத்தில் முகம் சுளித்தார். இரண்டாவது கவளத்தில் கண்ணில் நீர் வந்தது. வாயிலிருந்து செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கே குறை கண்டுபிடித்தவருக்குத் தன் வாயில் இருக்கும் குறை அகப்படவில்லை. ஒரு மாதம் ஆடட்டும். ஒவ்வொரு வேளையும் குத்தட்டும். பேச வாயெடுத்தால் குத்தட்டும். பேருந்து நிறுத்தம் இரண்டு கடந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தாள். நடப்பதும் இனிப்பாகத்தான் இருந்தது.

அவள் பாத்திரம் கழுவும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இன்னிக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கு? நான் ஏதும் நல்ல காரியம் பண்ணிட்டேனா?"

"நீங்க பண்ணினா நான் ஏன் பாடப்போறேன், பயப்படத்தானே செய்வேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செட்டை முடித்துக் கையில் எடுத்தபோது அந்தக் குரல் வரவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறை.

காலையில் வேலை தொடங்கும் முன் அவள் குழாயடியில் கை கழுவுவாள். கழுவும்போது கடவுளிடம் ஒரே வரிதான் கேட்பாள்: 'இந்தக் கை யாருக்கும் வலி தராம இருக்கணும்.' யாரும் சொல்லிக் கொடுத்த பிரார்த்தனை இல்லை. அவளே உண்டாக்கிக்கொண்டது. நல்ல நாளும் கெட்ட நாளும் அதை விட்டதில்லை.

மறுநாள் காலை குழாயைத் திறந்தாள். தண்ணீர் கைமேல் ஓடியது. வாயில் அந்த வரி வரவில்லை.

வரியின் இடத்தில் குரல் வந்தது. சத்தமே போடாமல், நெடுநாள் காத்திருந்து ஜெயித்தவனைப்போல நிதானமாக வந்தது. 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல. உன் கை தப்புப் பண்ற கை.'

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு வருடமாக அது சொன்னது பொய். முந்தாநாள் ஊக்கைக் கழற்றி அவளே அதை மெய்யாக்கிவிட்டாள். நூலில் கட்டித் தொங்கவிட்டவர் செய்ய முடியாமல் போனதை அவருக்காக அவள் தன் கையாலேயே செய்து கொடுத்திருந்தாள்.

குழாயை மூடிவிட்டு நேரே மாவுக்காரரிடம் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கையில் மாவு இறுகிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நேத்து ஒரு குரலும் வரலை. நிம்மதியா இருந்துச்சு," என்றாள் கடைசியில்.

"வராம எங்க போச்சு அக்கா? 'அவன் படணும், அவன் படணும்'னு நேத்துப் பூரா சொல்லிட்டிருந்தது யாரு? அதே ஆள்தான், சட்டையை மாத்திட்டு வந்திருக்கார். முதல்ல வந்தவரை வாசல்லயே நிறுத்திச் சண்டை போட்டீங்க. ரெண்டாவதா வந்தவரைப் பார்த்ததும் பீரோ சாவியைத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"செட்டு எங்கே?" என்றாள் அவள்.

"வண்டி எட்டு மணிக்கே போயிடுச்சு. பதினோரு மணிக்கு வாயில வைக்கிறாங்க."

மணி பத்து ஆகப்போகிறது. அவள் கைப்பையை எடுத்தாள்.

"உண்மையைச் சொன்னா வேலை போனாலும் போயிடும்," என்றார் மாவுக்காரர் தயங்கி.

"தெரியும்."

"போற வழியில என்னென்னமோ சொல்லும். நாற்காலி போட்டுடுங்க."

பேருந்தில் அது என்னென்னவோ சொல்லத்தான் செய்தது. 'அவன் உன்னை விட்டானா? நீ ஏன் விடணும்? நீ இப்ப போறது பயத்துல.' அவள் பதில் சொல்லவில்லை. 'வாங்க, உக்காருங்க,' என்று மட்டும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது போகவில்லை. ஆனால் கூட உட்கார்ந்து பயணம் செய்கிற ஆளைப்போல ஆகிவிட்டது. பேருந்தை ஓட்டுகிற ஆளைப்போல இல்லை.

டாக்டரம்மாவின் முன்னறையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, வாய்மேல் கைக்குட்டையைப் பொத்தியிருந்தார். சட்டைப்பையில் இன்னும் இரண்டு பேனா. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, செட்டு வந்திருச்சா?" கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து சொல் குழைந்து வந்தது. "நல்லாக் கடிக்க வருமா? நாலு மாசமா எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டிருக்கேன். பேரப்பிள்ளைங்க முன்னால உக்காந்து சாப்பிட வெக்கமா இருக்கு."

'விடு. கரைச்சுக் குடிக்கட்டும். நீ வாசலைத் தாண்டிப் போயிட்டா யாருக்குத் தெரியும்?' என்றது அது. அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதை ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

டாக்டரம்மா செட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"வாங்க பஞ்சக்கா. என்ன, நேர்லயே வந்துட்டீங்க?"

"கீழ் செட்டுல உள்பக்கம் ஒரு முள் இருக்கு டாக்டரம்மா. தப்பு என்னோடது."

"அட, அதுக்கா இவ்வளவு தூரம்? போன்ல சொன்னா நானே தேய்ச்சிருப்பேனே."

"தெரியாம விட்டதில்ல. தெரிஞ்சே வெச்சது."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவள் சீட்டையும் நூலையும் ஆறு வருடத்தையும் சுருக்கமாகச் சொன்னாள். பாதியில் நிறுத்தி, "இதை உங்களுக்குச் சமாதானமா சொல்லலை. காரணம் கேட்பீங்கன்னு சொல்றேன்," என்றாள்.

டாக்டரம்மா கீழ் செட்டை எடுத்து உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தேய்க்கும் கருவியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீங்களே எடுங்க. ஆனா ஒண்ணு, இனிமே உங்க வேலையையும் நான் விரல் வெச்சுப் பார்ப்பேன்."

"பாருங்க," என்றாள் அவள். அது வலித்தது. வலிக்க வேண்டிய இடத்தில் வலித்தது என்று தோன்றியது.

முள்ளை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சை ஓட்டினாள். சிக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள். சிக்கவில்லை. 'இன்னும் அஞ்சு தடவை ஓட்டு, தப்பா இருக்கும்,' என்றது. அவள் செட்டைக் கழுவி டாக்டரம்மா கையில் கொடுத்தாள்.

அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் சாய்த்தார்கள். செட்டு இரண்டும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல வாயில் ஏறின. கன்னம் எழுந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய அதே முகம் அவள் கண்முன்னால் திரும்பி வந்தது. பழைய கோபமும் அதே வேகத்தில் திரும்பி வந்தது.

டாக்டரம்மா இரண்டு பக்கமும் பஞ்சுச் சுருளை வைத்தார். "ஐயா, அஞ்சு நிமிஷம் நல்லாக் கடிச்சுட்டே இருங்க. வாயைத் திறக்கவே கூடாது. பேசக்கூடாது." அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, எதையோ எடுக்கப்போவதுபோல அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவள் சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னைத் தெரியுதா ஐயா? தலையாட்டினாப் போதும். வாயைத் திறந்தா செட்டு நகர்ந்துடும்."

அவர் பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கண் அவளுடைய கையை விட்டு முகத்துக்கு வந்து நின்றது.

"ஆறு வருஷமா இதைக் குளிக்கும்போது சொல்லிட்டிருக்கேன், பஸ்ஸுல சொல்லிட்டிருக்கேன். நீங்க நடுவுல பதில் சொல்லாம கேக்கறது இப்பதான். அந்தச் சீட்டுல வலதையும் இடதையும் மாத்தி எழுதினது நீங்க. கிழிச்சதும் நீங்க. நான் பார்த்தேன். பதினொரு பேர் முன்னால தப்பு என்னோடதுன்னு சொன்னேனே, அது பொய். எங்க வீட்டுல அப்ப சம்பாத்தியம் இல்லாததால சொன்ன பொய்."

அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

"கடிங்க ஐயா, விட்டுடாதீங்க. இன்னும் நேரம் இருக்கு. அந்த பிளேட் ஒரு மாசம் என் தலைக்கு மேல ஆடுச்சு. அதுக்கப்புறம் நான் செஞ்ச ஒவ்வொரு செட்டையும் ஏழு தடவை பார்த்தேன். கண்ணு போச்சு, கழுத்து போச்சு. உங்களுக்கு இது தெரியணும்னுதான் சொல்றேன். இன்னொண்ணும் தெரியணும். இன்னிக்குக் காலைல வரைக்கும் உங்க கீழ் செட்டுல ஒரு முள் இருந்துச்சு. எலும்பு மெலிஞ்ச இடத்துல. நான்தான் வெச்சேன். உங்களால கண்டுபிடிச்சிருக்க முடியாது."

அவருடைய நாக்கு உள்ளே அசைந்து அந்த இடத்தைத் தேடுவது கன்னத்தில் தெரிந்தது.

"இப்ப இல்ல. நானே எடுத்துட்டேன். அந்தத் தப்பு நிஜமாவே என்னோடது. அதை மட்டும்தான் இனிமே நான் சுமப்பேன். உங்களோடதை நீங்க வெச்சுக்குங்க."

சுவர்க்கடிகாரம் ஓடியது. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. அவளிடம் சொல்ல வேறு எதுவும் இல்லை. ஆறு வருடமாகப் பேசிய பேச்சு மூன்றரை நிமிடத்தில் முடிந்துபோனது அவளுக்கே வியப்பாக இருந்தது. அவர் கண்ணோரத்தில் நீர் நின்றது. புதுச் செட்டு முதல் முறை அழுந்தும்போது எல்லோருக்கும் அப்படி வரும். அதுவா இதுவா என்று அவள் கேட்கவில்லை. கைக்குட்டை கீழே விழுந்திருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

டாக்டரம்மா வந்து பஞ்சை எடுத்தார்.

"எங்கேயாவது குத்துதா ஐயா?"

அவர் வாயைத் திறந்து மூடினார். "இல்ல," என்றார். சொல் தெளிவாக வந்தது. பிறகு அவளைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்து, "சீட்டை நான்தான் கிழிச்சேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேல் செட்டு ஓரத்துல இன்னும் கொஞ்சம் மெருகு ஏத்தியிருக்கலாம்," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு நாளைக்கு மெத்துன்னு சாப்பிடுங்க. ஒரு பக்கமாவே மெல்லாதீங்க. எங்கேயாவது உறுத்தினா கூடத்துக்கு வாங்க, தேய்ச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது மாவுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

"வேலை?"

"இருக்கு. நம்பிக்கைதான் கொஞ்சம் போச்சு. அதைத் திரும்பச் சம்பாதிக்கணும்."

"சம்பந்தி?"

"என்கூடவேதான் வந்திருக்கார். பேசினது அதிகம்கிறார், பேசினது பத்தாதுங்கிறார்."

"காபி குடுத்தீங்களா?"

"அதெல்லாம் உங்க வீட்டுச் சம்பந்திக்கு. இவருக்கு வெறும் நாற்காலிதான்."

மறுநாள் காலை குழாயைத் திறந்தபோது வரி தானாகவே வாயில் வந்தது. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. 'இந்தக் கை யாருக்கும் வலி தராம இருக்கணும்,' என்றாள். தண்ணீரில் கையைத் திருப்பினாள். 'தந்துட்டா, போய் எடுத்துட்டு வர்ற கால் வேணும்.'

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். அன்றைய முதல் செட்டில் பஞ்சை இரண்டு முறை ஓட்டினாள். மூன்றாவது முறைக்குக் கை எழுந்தது. எழுந்த கையால் அடுத்த அச்சை எடுத்தாள்.